மாண்டலினும் ஐந்து சுரமும்

இற்றை நாளில் நம் கல்லூரி மாணாக்கரிடையே மாண்டலின், கிதார் முதலிய நரம்புக் கருவிகளைப் பயிலும் ஆர்வம் பெருகி வருதல் கண்டு மகிழ்கின்றோம். மாலை வேளையில் விடுதித் தாழ்வாரத்தில் இவ்வோசை கேளாத நாள் அரிது. இதனைப் படிப்புக்கு இடையூறென்று வெறுப்பாரோடு நாம் சேரோம். ஆயினும், இக்கருவிகளில் மனோதர்மமாக, அஃதாவது எழுதிவைத்ததைப் பாராது தம் கற்பனையாலே வாசித்தற்குப் பழகும் முறையில், அண்மைக் காலத்தே ஒரு வழக்கம் புகுந்து வேரூன்றியுள்ளது. அதனைக் குறித்து நம் கருத்தை ஒளியாது கூறுதல் நலமென்று கருதுகின்றோம்.

அவ்வழக்கமாவது, பெண்டட்டானிக் என்னும் ஐந்து சுர வரிசையையும் புளூஸ் என்னும் ஆறு சுர வரிசையையும் புள்ளியிட்ட படங்களாக வைத்துக்கொண்டு, மெட்டுக்கு மெட்டு விரல் மாற்றி, மேலும் கீழும் விரைந்தோடப் பழகுவது. இரண்டு திங்களில் விரல் ஓடும். ஓடினவுடன், இனி எப்பாட்டுக்கும் கற்பனையாக வாசிக்கலாமென்று மாணாக்கன் துணிகின்றான். கேட்பவருக்கோ ஏணியில் ஒருவன் ஓயாது ஏறி இறங்குதலைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றுகின்றது. அவன் வாசிப்பில் பிழையான சுரம் ஒன்றுமில்லை. நினைவில் நிற்கும் சுரமும் ஒன்றுமில்லை.

இதன் தீங்கு அவ்வளவில் நின்றிருப்பின் நாம் எழுதப் புகுந்திரோம். கல்லூரி விழாவின் வாத்தியக் குழுவிற்கு ஆள் தெரியும்பொழுது, இவ்வரிசைகளின் ஆங்கிலப் பெயரை ஒப்பிப்பவனே முன்னே நிற்கின்றான். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களிலிருந்து வரும் மாணாக்கனோ, "எனக்கு ஸ்கேல் ஒன்றும் தெரியாது ஐயா" என்று பின்வாங்கிவிடுகின்றான். கோயில் நாகசுரமும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவன் அவன். தனக்குத் தெரியாதென்று அவன் அஞ்சும் அவ்வைந்து சுரமும் பெயரறியாமலே அவன் செவியிற் குடியிருத்தலை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அவனை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

பெண்டட்டானிக் என்று புதிதுபோலச் சொல்லப்படுவது யாது? சட்சம், சதுசுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுசுருதி தைவதம் என்னும் ஐந்துமே மேனாட்டார் கூறும் பெரிய ஐந்து சுர வரிசை. நம் மோகனத்தின் சுரங்களும் இவையே. சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்பன சிறிய ஐந்து சுர வரிசை. நாம் சுத்த தன்யாசி என்போம். (உதயரவிச்சந்திரிகை அதனின் வேறென்பாரும் ஒன்றென்பாரும் உளர், அவ்வழக்கில் நாம் புகோம்.) பண்டைத் தமிழிசை நூலார் ஏழு நரம்புடையதனைப் பண் என்றும், ஐந்து நரம்புடையதனைத் திறம் என்றும் பெயரிட்டு வகுத்தனர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத்தீம்பாணி மோகனமே என்பது இசையாராய்ச்சியாளர் பலரின் துணிபு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தையும், விபுலானந்த அடிகளார் 1947-இல் வெளியிட்ட யாழ் நூலையும் நம் நூல்நிலையத்தில் தூசி தட்டிப் படிப்பார் இப்பொருளை விரிவாகக் காணலாம்.

இவ்வைந்து சுரத்தினுள் மற்றுமோர் அழகு உண்டு. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்சமாகக் கொண்டு அதே சுரங்களை வாசித்தால் மத்தியமாவதி தோன்றும். காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று நம்மவர் கூறுவது இதுவே. மேனாட்டுப் புத்தகங்கள் ஐந்து படங்களாக வரைந்து ஐந்து 'நிலை' என்று பெயரிட்டுக் காட்டுவதும் இதனையே. படத்தைப் பார்த்துக் கற்பவன் இவ்வைந்தையும் விரல்வைப்பில் மட்டும் வேறுபட்ட ஒரே பொருளாகக் காண்கின்றான். மத்தியமாவதியும் இந்தோளமும் பாடக் கேட்டவனுக்கு அவை இரு வேறு முகங்கள். ஒன்றனை மற்றொன்றென்று அவன் ஒருநாளும் மயங்கான்.

இவ்வாறு கற்றற்கு மாண்டலின் மிக எளிய கருவி. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின் வயலினைப் போலவே சுருதி சேர்க்கப்படுவது. ஒவ்வொரு தந்தியும் அதனினும் தாழ்ந்த தந்திக்குப் பஞ்சமமாக நிற்கும். ஆகவே மூன்றாந் தந்தியைத் திறந்து மீட்டிச் சட்சமெனக் கொண்டால், அதன் இரண்டாம் மெட்டு ரிஷபம், நான்காம் மெட்டு காந்தாரம்; அடுத்த தந்தி திறந்தபடியே பஞ்சமம், அதன் இரண்டாம் மெட்டு தைவதம், ஐந்தாம் மெட்டு மேற் சட்சம். மோகனம் முழுதும் இரண்டு தந்திகளில் ஐந்து மெட்டுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு, நான்கு என்ற இடங்களை மூன்று, ஐந்து என்று மாற்றி, மேல்தந்தியில் மூன்றையும் ஐந்தையும் தொட்டால் சுத்த தன்யாசி. இதற்குப் படம் எதற்கு? அரை நாழிகையில் ஒருவன் சொல்ல ஒருவன் கற்கலாம்.

நிற்க. இச்சுரங்களைக் கற்றுவிட்டால் மோகனம் கற்றதாகுமா? ஆகாது. நம் தேவாலயத்தில் 'அமேசிங் கிரேஸ்' என்னும் ஆங்கிலப் பாட்டைப் பாடாத மாணாக்கர் இலர். ஜான் நியூட்டன் என்பாரின் அப்பாட்டு 1779-இல் அச்சாயிற்று. இன்று நாம் பாடும் மெட்டோடு அது சேர்ந்தது 1835-இல், அமெரிக்காவில். அம்மெட்டின் சுரங்கள் மோகனத்தின் ஐந்தே. ஆறாவது ஒன்று இல்லை. ஆயினும் அதனைக் கேட்ட எவரும் மோகனம் என்னார். எந்தச் சுரத்தில் தங்குவது, எதனைத் தொட்டும் தொடாமலும் செல்வது, காந்தாரத்தை எவ்வளவு அசைப்பது, எந்தப் பிடியால் இராகத்தின் முகத்தைக் காட்டுவது என்பவை புள்ளிகளில் இல்லை. அவை பாட்டிலே உள்ளன. தொடக்க மாணாக்கர் கற்கும் 'வரவீணா' என்னும் கீதத்திலும், பூச்சி சீனிவாச ஐயங்கார் இயற்றிய 'நின்னுக்கோரி' வர்ணத்திலும் மோகனத்தின் நடை முழுதும் பொதிந்து கிடக்கின்றது. ஐம்பது முறை வர்ணத்தை வாசித்தவன், ஐந்நூறு முறை ஏணியேறினவனைக் காட்டிலும் கற்பனைக்கு அணித்தாய் நிற்கின்றான்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அங்கே குழைத்த மண்பாலைச் சாந்து அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிய பின் திறந்தால் பொம்மை ஆயத்தமாய் நிற்கும். நூறு பொம்மைக்கும் ஒரே முகம். அத்தொழிலை நாம் தாழ்வாகக் கூறவில்லை. அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. பொம்மைக்கு அதுவே தக்க முறையுமாகும். ஆனால் சக்கரத்தில் பானை வனையும் குயவனை அவ்வச்சு உண்டாக்கவில்லை. மண்ணின் பதத்தை விரல் அறிந்தபின்னரே அவன் கை வளைகின்றது. சுரப் படம் அச்சு. அதைக்கொண்டு வனையக் கற்க முயல்வதுதான் நாம் குறைகூறும் செயல்.

இக்கூற்றுக்கு நம் காலத்திலேயே நம் கண்முன் ஒருவர் சான்றாக இருந்தார். 1969-இல் கோதாவரிப் பக்கத்துப் பாலக்கொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், தந்தையாரின் மாண்டலினைச் சிறுபிள்ளையாயிருக்கையிலே கையிலெடுத்தார். அவருக்கு ஆசிரியராய் வாய்த்த ருத்ரராஜு சுப்பராஜு என்பார் மாண்டலின் வாசிக்க அறியாதவர். அவர் பாடுவார், சிறுவன் கேட்டதைத் தந்தியில் தேடி வாசிப்பான். பாடம் முழுதும் இவ்வளவே. விரலை எங்கே வைப்பதென்று சொல்ல ஆளில்லாத அச்சிறுவன், 1981-இல் சென்னை இசைவிழாவில் வாசித்தபொழுது வயது பன்னிரண்டு. 1983-இல் பெர்லின் நகரத்து ஜாஸ் விழாவில் வாசித்தார். ஆசிரியருக்குக் கருவி தெரியாமற் போனது ஒரு பேறென்றே நமக்குத் தோன்றுகின்றது. தெரிந்திருந்தால் விரல்வைப்பைச் சொல்லியிருப்பார், பாட்டு பின்தங்கியிருக்கும்.

அவர் கருவியையும் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். மேனாட்டு மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாய் நான்கு சோடியாக இருக்கும். சோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்தல் அரிது. மீட்டிய ஒலியும் விரைவில் மாயும். ஆதலின் அவர் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்சார மாண்டலினைக் கைக்கொண்டார். ஒருமுறை மீட்டிய ஒலி நீண்டு நிற்க, அந்நீட்சிக்குள் தந்தியை இழுத்தும் வழுக்கியும் கமகங்களை வரவழைத்தார். ஏறத்தாழ இதே தடையை வேறு திசையிலிருந்து சந்தித்தவர் ஜான் மக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயக் கிதார் வாத்தியக்காரர். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். பின்னர் 'சக்தி' என்னும் தம் குழுவில் வாசித்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்து, வீணையிற்போலத் தந்தியை இழுக்க வழிசெய்துகொண்டார். பிற்காலத்தில் இவ்விருவரும் 'ரிமெம்பர் சக்தி' என்னும் குழுவில் ஒருங்கே வாசித்தனர். 2000-இல் வெளிவந்த அவர்தம் இசைத்தட்டைக் கேட்கலாம். 2014-இல் ஸ்ரீநிவாஸ் தம் நாற்பத்தைந்தாம் வயதிலே மறைந்தது நாட்டிற்குப் பேரிழப்பு. இவ்விருவரும் கருவியைத் திருத்தியதற்குக் காரணம் ஒன்றே. காதில் கேட்டது முன்னர் இருந்தது. மெட்டு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இனிப் புளூஸ் என்பதற்கு வருவோம். இங்கேதான் நம் மாணாக்கர் மிகுதியும் தவறுகின்றனர். புத்தகம் சொல்வது எளிது: சுத்த தன்யாசியின் ஐந்து சுரத்தோடு பிரதி மத்தியமத்தையும் சேர்த்துக்கொள்க, புளூஸ் வரிசை வந்துவிட்டது. மாண்டலினில் சுத்த மத்தியமமாகிய ஐந்தாம் மெட்டுக்கும் பஞ்சமத்துக்கும் இடையே ஆறாம் மெட்டைத் தொட்டால் முடிந்தது. நம் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் ஒவ்வொன்றும் ஒரு மத்தியமமே கொள்வதாதலின், இவ்வரிசை அவற்றுள் எதனிலும் அடங்காது. ஹமீர்கல்யாணி போன்ற சில இராகங்களில் இரண்டு மத்தியமமும் வருமென்றாலும், அவற்றின் போக்கு வேறு.

ஆனால் புளூஸ் வரிசையாகத் தோன்றியதன்று. 1865-இல் அமெரிக்காவில் அடிமைத்தளை ஒழிந்த பின்னும், பருத்திக் காடுகளில் கடனாலும் சட்டத்தாலும் கட்டுண்டு உழைத்த கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து அது பிறந்தது. டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் கறுப்பினத்து இசைப்புலவர், மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் என்னும் சிற்றூர் இரயில் நிலையத்தில் இரவில் காத்திருந்தபொழுது, கிழிந்த உடையணிந்த ஒருவன் கிதார்த் தந்திமேல் கத்தியை அழுத்தி வழுக்கிக்கொண்டே பாடக் கேட்டதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்குதல் போன்றதே அது. கத்தியை வழுக்கினவனுக்கு மெட்டு ஏது? அவன் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் இடையே எங்கோ நின்றது. அடியில் ஒலிக்கும் கார்டு என்னும் சுரக்கூட்டில் அந்தர காந்தாரம் இருக்க, மேலே பாடுவோன் அதனின் தாழ்ந்த காந்தாரத்தை ஏற்றியேற்றிப் பாடுகின்றான். அவ்வுரசலிலே துயரும் உண்டு, நகையும் உண்டு. பன்னிரண்டு மெட்டாகப் பகுத்த கருவிக்கு அவ்விடம் எட்டாமையால், புத்தகம் எழுதினோர் அதனை அண்டை வீட்டில் குடியேற்றிவிட்டனர்.

அப்பாட்டின் கட்டும் அறியத்தக்கது. பன்னிரண்டு அளவு கொண்டது ஓர் ஆவர்த்தம். முதல் நான்கு அளவு சட்சக் கூட்டு. அடுத்த இரண்டு மத்தியமக் கூட்டு. பின் இரண்டு சட்சம். பின்னர்ப் பஞ்சமம் ஒன்று, மத்தியமம் ஒன்று. கடைசி இரண்டு மீண்டும் சட்சம். பாடுவோன் ஓரடியைச் சொல்லி, அதனையே மீண்டும் சொல்லி, மூன்றாம் அடியில் முடிவு கூறுவான். ஒவ்வோர் அடியும் தனக்குரிய நான்கு அளவில் ஏறத்தாழப் பாதியிலேயே முடிந்துவிடும். எஞ்சிய வெற்றிடத்தில் கருவி மறுமொழி சொல்லும். ஹாண்டி 1914-இல் வெளியிட்ட 'செயிண்ட் லூயிஸ் புளூஸ்' என்னும் பாட்டைப் பெஸ்ஸி ஸ்மித் என்னும் அம்மையார் 1925-இல் இசைத்தட்டில் பாடியுள்ளார். லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டு வாசிக்கின்றார். அவ்வம்மையார் மூச்சு வாங்கும் இடந்தோறும் அக்குழல் புகுந்து இரண்டொரு சொல் சொல்லி விலகி நிற்கும். பக்கத்தில் ஒலிப்பது ஆர்மோனியம். நம் பஜனை மடத்து நினைவு வந்தால் வியப்பில்லை. ஒப்பாரியில் ஒருத்தி சொல்ல மற்றவர் ஏற்பதும், நடவில் முன்பாட்டுக்குப் பின்பாட்டு எழுவதும் கேட்டறிந்த நம் சிற்றூர் மாணாக்கனுக்கு, எப்பொழுது வாசிப்பது, எப்பொழுது வாளா இருப்பது என்னும் புளூஸின் முதற் பாடம் முன்னமே தெரியும்.

மாண்டலினுக்கும் இவ்விசைக்கும் தொடர்பில்லையென்று எண்ணற்க. டென்னசி மாநிலத்து யாங்க் ரேச்செல் 1929-இல் மெம்பிஸ் நகரில் ஸ்லீப்பி ஜான் எஸ்டிஸ் என்னும் பாடகரோடு இசைத்தட்டுக்கு மாண்டலின் வாசித்தார். கென்டக்கியிற் பிறந்து, 'புளூகிராஸ்' என்னும் இசைவகையின் தந்தையெனப் போற்றப்படும் பில் மன்றோ, இளமையில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினத்துக் கிதார்க்காரரோடு நாட்டியக் கூட்டங்களில் உடனிருந்து வாசித்துப் பெற்றதே தம் மாண்டலினில் உள்ள புளூஸ் என்று நன்றியோடு கூறியவர். அவருக்கும் யாரும் படம் வரைந்து கொடுக்கவில்லை.

இனி, நம்மை எதிர்ப்பார் இருவர். கர்நாடக சங்கீதத்தில் பற்றுமிக்க ஒருவர், இவ்விரண்டையும் ஒரே மாணாக்கன் கற்றால் சுத்த தன்யாசியில் புளூஸ் வாடை ஏறிவிடும் என்று அஞ்சுவார். அவர் அச்சம் வீணன்று. புளூஸின் காந்தாரத்தை இழுக்கும் இழுப்பும், நம் கம்பித கமகமும் ஒன்றல்ல. புளூஸில் தோடியின் காந்தாரத்தைப்போல அசைத்தால் நகைப்புக்கிடமாகும். சுத்த தன்யாசியில் பிரதி மத்தியமத்தைத் தொட்டால் இராகம் போயிற்று. ஆயினும் இரண்டையும் தனித்தனியே செவியால் கற்றவன் கலக்கமாட்டான். இரண்டும் ஒரே படத்தின் இரு வடிவமென்று கற்றவனே கலக்குவான். ஆகவே அவர் அஞ்சும் கேட்டுக்கு மருந்தும் நாம் சொல்லும் முறையே.

மற்றவர் காலத்தைச் சுட்டுவார்: மூன்றாண்டுப் படிப்புக்கு வரும் மாணாக்கனுக்கு வர்ணமும் கீதமும் பயில நேரமேது, படம் விரைவில் பலன் தருகின்றதே என்பார். விரைவில் தருவது உண்மை. அதுவே பிறகு நிற்பதும் உண்மை. இரண்டாந் திங்களில் வாசித்ததையே இரண்டாம் ஆண்டிலும் வாசிக்கும் இளைஞர் பலரைக் கண்டிருக்கின்றோம்; சலிப்புற்று அவருட் சிலர் கருவியையே கட்டிலின்கீழ்த் தள்ளிவிட்டனர். படம் அறவே கூடாதென்பது நம் கொள்கையன்று. பாடக் கற்றதை மெட்டில் தேடுகின்றவன், வழிதவறுமிடத்தில் அதனைப் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை.

எவ்வாறு தொடங்குவதென்று வினவுவாருக்குச் சில சொல்வோம். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு மோகனத்தின் மூன்று சுரத்தை மட்டும் வாயாற் பாடி, பாடியதையே வாசிக்க. பாட இயலாததை வாசிக்கற்க. ஒரு திங்கள் இரண்டு தந்தியைத் தாண்டவேண்டா. நான்கு சுரத்தால் ஒரு சிறு பிடி செய்து, அதற்குச் சமமான நேரம் சும்மா இருந்து, பின்னர் அதற்கு மறுமொழியாக இன்னொன்று வாசிக்க. அச்சும்மா இருத்தலே கடினம். புளூஸுக்கு வரும்பொழுது முதலில் பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டை மனத்திற் பதியும் வரை கேட்க. சோடித் தந்தியை இழுப்பது கைக்கு வாராதாயின், மூன்றாம் மெட்டிலிருந்து நான்காவதற்கு விரலை வழுக்கி, நான்காவதில் அழுந்தத் தங்காது விலகிவிடுக. காதுக்கு அவ்விடைக் காந்தாரம் ஒருவாறு கிட்டும். பிரதி மத்தியமத்தை வழிப்போக்கனாகவே கொள்க. அங்கே வீடுகட்ட வேண்டா.

வாத்தியக் குழுவிற்கு ஆள் தெரியும் பொறுப்புடைய ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டில் சுர வரிசைகளின் பெயரை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, யாரேனும் ஒருவர் ஓரடியைப் பாடட்டும். மோகனத்திலாயினும் புளூஸிலாயினும் ஆகுக. மாணாக்கன் அதற்கு மாண்டலினில் மறுமொழி வாசிக்கட்டும். இரண்டாம் முறை அதே அடியைப் பாடினால் அவன் மறுமொழி மாறுகின்றதா என்று கேளுங்கள். இதற்கு வேண்டுவன சுருதிப் பெட்டி ஒன்றும் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றுமே. இரண்டும் நம் கல்லூரியில் உள்ளன.